புண்ணாற்றும் களிம்பின் பழமை

பச்சிலையை அரைத்துப் புண்ணின்மேல் அப்புதல் எளிது. ஆயின் அரைத்த இலை விரைவிற் காய்ந்து உதிரும். எஞ்சியதும் மறுநாட் கெடும். அவ்விலையின் சாரத்தை நெய்யிலேனும் எண்ணெயிலேனும் ஏற்றிவைப்பின் அது பன்னாள் நிற்கும். கட்டுந் துணி புண்ணோடு ஒட்டாமலுங் காக்கும். களிம்பு என்பதன் அடிப்படை இதுவே.

நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். தழும்புடைய மார்பினரைப் பாடுமிடத்து, புண் தைத்த வெள்ளூசியைப் பதிற்றுப்பத்து கூறுகின்றது. திருத்தக்கதேவரது சீவக சிந்தாமணியோ, காந்தருவதத்தையார் இலம்பகத்தில், போரிற் புண்பட்டார்க்கு நெய்க்கிழி சேர்த்ததைப் பேசுகின்றது. நெய்க்கிழியாவது நெய் தோய்ந்த துணி. 1887-இல் சாமிநாதையரவர்கள் சிந்தாமணியைப் பதிப்பித்திராவிடின் இச்செய்தி ஏட்டளவில் நின்று, நம்மனோர் பலர்க்கு எட்டாமற் போயிருக்கும்.

இனிக் கல்வெட்டிற்கு வருவோம். காஞ்சிக்கு அணித்தாய், பாலாறு, செய்யாறு, வேகவதி என்னும் மூன்றுங் கூடுமிடத்துள்ள திருமுக்கூடற் கோயிலில், கி.பி. 11-ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழனது நீண்ட சாசனம் ஒன்றுளது. அங்கு நடந்த வீரசோழன் என்னும் ஆதுலர்சாலையிற் படுக்கைகள் 15. மருத்துவர், சல்லியக்கிரியை செய்வார், மருந்து பறித்து வருவார், நோயாளரைப் பேணும் பெண்டிர் என அனைவர்க்கும் ஊதியம் வகுக்கப்பட்டது. சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் பட்டியலிற் பல தைலங்களும், பழைய நெய்யும் காணப்படுகின்றன. அரசர் சாலையில் இருந்தது கல்லில் ஏறிற்று. அடுக்களையில் இருந்தது ஏறிற்றில்லை.

அடுக்களைக் களிம்புகளுள் யாம் பெரிதும் மதிப்பது குங்கிலிய வெண்ணெய். சித்த மருத்துவரும் இதனைக் கையாள்வர். குங்கிலியத்தைப் பொடித்து, நல்லெண்ணெயிலிட்டு, சிறு தீயில் உருகும்வரை கிண்டுவர். தீ மிகின் பிசின் கருகும். எண்ணெய் பற்றிக்கொள்ளவுங் கூடும். உருகியதைத் துணியில் வடித்து, அகன்ற பாத்திரத்தில் ஆறவிட்டு, தண்ணீர் வார்த்துக் கையாற் பிசைந்து, அந்நீரைக் கொட்டிப் புதுநீர் வார்ப்பர். இவ்வாறு பன்முறை செய்ய, பழுப்பு நிறம் மாறி வெண்ணெய்போற் திரளும். நீர் நுண்டுளிகளாய் எண்ணெயினுட் புகுந்து நிற்றலே இம்மாற்றத்திற்குக் காரணம். குளிர்ச்சி தருவதும் அந்நீரே. எத்தனை முறை கழுவவேண்டுமென்று கேட்டால், "வெளுக்கும் வரையில்" என்பர் பாட்டியர்! அவர் கைக்கு அளவு தெரியும், நமக்குத் தெரியாது.

பழையன யாவும் நல்லன என்று யாம் கூறவில்லை. புண்ணிற் சாணம் வைத்தல் ஏற்புவலிக்கு வழி செய்யும். துருசும் இரசமும் சேர்வன வீட்டிற் செய்யத்தக்கன அல்ல. தீச்சுட்டவுடன் எக்களிம்பும் இடாது, ஓடும் தண்ணீரிற் காட்டுக. ஆழ்ந்த புண்ணையும் நீரிழிவுடையார் காற்புண்ணையும் மருத்துவரிடமே காட்டுக.

இவ்வளவும் எழுதப் புகுந்தமைக்கு ஒரு வழக்கே காரணம். மஞ்சள் புண்ணை ஆற்றுமென்பதைத் தாமே கண்டதாகக் கூறி, அமெரிக்க ஐக்கிய நாட்டிற் சிலர் 1995-இற் காப்புரிமை பெற்றனர். நம் நாட்டு அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றத்தார் அதனை எதிர்த்தனர். இல்லந்தோறும் மஞ்சள் பூசுகின்றனரே என்னும் வாய்ச்சொல் ஆண்டுச் செல்லாது; எழுத்துச் சான்று வேண்டும். பழைய வடமொழி நூலும், 1953-இல் வெளிவந்த மருத்துவ இதழ்க் கட்டுரையும் உள்ளிட்ட சான்றுகளைக் காட்டியபின், 1997-இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது.

மஞ்சளுக்கு ஏடு இருந்தது. நம் குடும்பங்களிற் சிலவற்றில் மட்டும் வழங்கும் களிம்புகளுக்கு யாது உளது? அவற்றை அறிந்த மூதாட்டியர் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றனர். பள்ளி விடுமுறையிற் பேரக்குழந்தைகள் அவர்பாலமர்ந்து, சரக்கின் பெயர், எடை, தீயின் அளவு, கழுவிய முறை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிக்கொள்க. "கொஞ்சம்" என்று அவர் கூறுமிடத்து, அக்கொஞ்சத்தைத் தராசில் இட்டுப் பார்த்தே எழுதுக.