ஏட்டில் ஏறாத பதக்கம்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுத வேண்டும் என்று பணிக்கப்பட்டபோது, அரசர்களும் கோட்டைகளும் நம் நினைவுக்கு வரவில்லை. அவனியாபுரத்தில் நம் தெருவிலே வாழ்ந்து மறைந்த ஒரு ரிசர்வ் படைவீரரின் தகரப் பெட்டியே நினைவுக்கு வந்தது. அதனுள் இருந்தவை மூன்றே பொருள்கள்: நிறம் மங்கிய ஒரு புகைப்படம், ஒரு தந்தி, டிஸ்சார்ஜ் புத்தகம் என்று படைவீரர்கள் அழைக்கும் பணிவிடுப்புப் புத்தகம். அந்த மூன்றாவது பொருளைப் பற்றியதே இக்கட்டுரை. அவர் குடும்பத்தாரின் விருப்பத்திற்கிணங்க அவர் பெயரை இங்கு எழுதவில்லை. எனினும் இது ஒரு பெயரைப் பற்றிய வரலாறே என்பதை இளைஞர்கள் படித்து முடிக்கும்போது உணர்வார்கள்.

அந்நாளில் படையில் சேர்ந்த சிப்பாய் குறிப்பிட்ட ஆண்டுகள் நேர்ப்பணி ஆற்றியபின் ஊருக்கு அனுப்பப்படுவார். ஆனால் அவர் முற்றிலும் விடுவிக்கப்பட்டவர் அல்லர். அவர் பெயர் ரிசர்வ் பட்டியலில் இருக்கும். நாட்டுக்கு ஆபத்து நேர்ந்தால் அழைப்பு வரும். வந்தவுடன் புறப்பட வேண்டும். நம் வீரர் 1950-களின் இறுதியில் படையில் சேர்ந்து, ரிசர்வுக்கு மாற்றப்பட்டு ஊர் திரும்பியவர். 1971-ஆம் ஆண்டின் இறுதியில் நாற்றுக் கட்டுச் சுமந்து கொண்டிருந்த வயலிலேயே அவருக்குத் தந்தி வந்தது. மறுநாள் மதுரைச் சந்திப்பில் ரயில் ஏறினார். அவ்வாண்டு டிசம்பர் 3-இல் மூண்ட போர், டிசம்பர் 16-இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததோடும், மறுநாள் மேற்கு எல்லையில் போர் நின்றதோடும் முடிந்தது. சில மாதங்கள் கழித்து அவர் ஊர் திரும்பி, விட்ட இடத்திலிருந்து கூலி வேலையைத் தொடர்ந்தார்.

அப்போருக்கான பதக்கங்கள் போர் முடிந்த பின்னரே ஏற்படுத்தப்பட்டன. கிழக்குக் களத்தில் பணியாற்றியோருக்குப் பூர்வி ஸ்டார், மேற்குக் களத்தில் பணியாற்றியோருக்குப் பஸ்சிமி ஸ்டார் என இரண்டு உண்டு. 1971 டிசம்பர் 3 முதல் 1972 டிசம்பர் 20 வரையான காலத்தில் படைப்பணியில் இருந்தோருக்கென அமைந்தது சங்கராம் பதக்கம். படையிலேயே தொடர்ந்து இருந்தவர்களுக்கு அப்பதக்கங்கள் அவரவர் பிரிவின் வழியாகவே வந்து சேர்ந்தன. ஊர் திரும்பிவிட்ட நம் வீரருக்கு யார் சொல்வார்? அவர் புத்தகத்தில் பதக்கங்கள் என்ற தலைப்பின்கீழ் அப்போரைக் குறிக்கும் ஒரு சொல்லும் இல்லை. அவர் போருக்குச் சென்றதை அவர் அறிவார், ஊர் அறியும், ஏடு அறியாது.

நம் சங்கம் தொடங்கிய சில ஆண்டுகளில், மாலை வகுப்பில் பயின்ற அவர் பேத்தி அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து நம்மிடம் காட்டினாள். வரி வரியாகப் படித்தபோது இரண்டு குறைகளைக் கண்டோம். முதலாவது, பதக்கம் பதிவாகாதது. இரண்டாவது குறை அதனினும் ஆழமானது. அவர் பெயர் ‘ஐயா’ என்று முடிவது. புத்தகத்திலோ அது ‘அன்’ என்று முடிந்திருந்தது. ஆள் சேர்ப்பின்போது பெயரெழுதிய எழுத்தர் யார், எந்த ஊரினர் என்பது நமக்குத் தேவையில்லை. நம் மக்களின் பெயரில் ‘ஐயா’ என்ற மரியாதை இருப்பதைப் பொறாத நாக்குகள் அந்நாளில் ஊர்தோறும் இருந்தன. நாக்கில் இருந்த வழக்கம் பேனாவிலும் இறங்கியது. அவ்வளவே.

இது ஒரு தனி மனிதரின் குறை மட்டுமன்று. படை ஏடுகளுக்கும் நம் சமுதாயத்திற்கும் உள்ள உறவு நெடியது. அதனைச் சற்றுப் பார்ப்போம்.

எண்ணிக்கையாக நின்றவர்கள்

1780-ஆம் ஆண்டு பயனியர் கம்பெனிகளாகத் தொடங்கி, பின்னர் மதராஸ் சாப்பர்ஸ் என்று பெயர்பெற்ற படை, இன்று பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் பொறியாளர் படைப்பிரிவாக விளங்குகிறது. பாலம் கட்டுதல், பாதை அமைத்தல், கோட்டைச் சுவரைத் தகர்த்தல் ஆகிய கடினப் பணிகளுக்கான அப்படையிலும் பழைய மதராஸ் பட்டாளங்களிலும் நம் மக்கள் பெருமளவில் பணிபுரிந்தனர். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ‘போர்க்குலங்கள்’ என்ற கொள்கை தலையெடுத்தது. 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்கும், பின்னர் 1893 வரை இந்தியப் படைக்கும் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபு அக்கொள்கையை முன்னின்று வளர்த்தார். தெற்கத்தியர் போருக்கு ஆகார் என்று சொல்லப்பட்டது. மதராஸ் பட்டாளங்கள் குறைக்கப்பட்டன. அவற்றுள் பல பஞ்சாபிப் பட்டாளங்களாக மாற்றப்பட்டன.

மராட்டியத்திலும் இதே கதை நிகழ்ந்தது. 1892-93 அளவில் மகர் சமுதாயத்தாரைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. டாக்டர் அம்பேத்கரின் தந்தையார் ராம்ஜி சக்பால் படையில் சுபேதாராக இருந்தவர். அம்பேத்கர் பிறந்ததும் மாவ் படை முகாமிலேதான். படைக்கதவு மூடப்பட்டபோது மகர் மக்கள் வாளாவிருக்கவில்லை. படையில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற கோபால் பாபா வலங்கர் 1894-இல் விண்ணப்பம் வரைந்தார். சிவராம் ஜான்பா காம்ப்ளே 1910-இல் இந்தியா மந்திரிக்கே முறையீடு அனுப்பச் செய்தார். ‘எங்கள் முன்னோர் செய்த பணி உங்கள் ஏடுகளிலேயே இருக்கிறது, எடுத்துப் பாருங்கள்’ என்பதே அம்முறையீடுகளின் உயிர்நாடி. 1941-இல் மகர் படைப்பிரிவு நிறுவப்பட்டது. அவ்வாறு கேட்டுக்கொண்டே இருந்ததன் பயன் அது.

இவ்விடத்தில் கோரேகானை நினைக்க வேண்டும். 1818-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடந்த போரில் மாண்டவர்களின் பெயர்கள் அங்குள்ள கல்தூணில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் 22 பெயர்கள் ‘நாக்’ என்று முடிகின்றன. அவை மகர் வீரர்களின் பெயர்கள். 1927 சனவரி முதல் நாள் அம்பேத்கர் அங்குச் சென்று நின்றார். அவர் அங்கு நிற்க முடிந்ததற்குக் காரணம் அத்தூணில் எண்ணிக்கை மட்டும் இல்லாமல் பெயர்கள் இருந்ததே ஆகும். நூறு ஆண்டுகளுக்கு முன் கல்லில் ஏறிய பெயர்கள், ஒரு சமுதாயம் தலைநிமிர்ந்து நிற்க ஆதாரமாயின.

இதற்கு மாறானதொரு காட்சியையும் பார்ப்போம். முதல் உலகப் போருக்குப்பின் தமிழ்நாட்டின் சில ஊர்களில் அரசினர் கல்வெட்டுப் பதித்தனர். இவ்வூரிலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும்போருக்குச் சென்றனர், இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்பதே அதன் வாசகம். எவர் சென்றனர், எவர் மாண்டனர் என்று அக்கல் சொல்லாது. ஈராக்கில் உள்ள பஸ்ரா நினைவுச் சின்னத்திலும் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்களோ படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கையால் மட்டுமே குறிக்கப்பட்டனர். பதக்கத்திலும் வேற்றுமை இருந்தது. போரிட்டவனுக்கு வெள்ளியில் வழங்கப்பட்ட பிரிட்டிஷ் போர்ப் பதக்கம், களத்தில் சுமை சுமந்த தொழிற்படையினருக்கு வெண்கலத்தில் வழங்கப்பட்டது. குண்டு இருவர் மீதும் ஒன்றுபோலவே விழுந்தது.

நூறு ஆண்டுகள் கழித்து, 2021 ஏப்ரலில், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் தன் ஏடுகளைத் தானே ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தியர், ஆப்பிரிக்கர் முதலானோருள் குறைந்தது 45,000 பேர் மற்றவர்க்கு இணையாக நினைவுகூரப்படவில்லை. மேலும் குறைந்தது 1,16,000 பேர் பெயராலோ, அல்லது எவ்வகையாலுமோ நினைவுகூரப்படவே இல்லை என்று அது ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. இனப் பாகுபாடே இதன் வேர் என்பதையும் மறைக்கவில்லை. பேரரசின் ஏடும் தவறும் என்பதற்கும், நூறு ஆண்டுகள் ஆனபின்னும் அதனைத் திருத்தலாம் என்பதற்கும் இதைவிடச் சான்று வேண்டுமோ?

நம் மாநிலத்திலேயே அத்தகைய திருத்தம் ஒன்று முன்னரே நிகழ்ந்திருக்கிறது. எம். சி. ராஜா முதலிய தலைவர்களின் முயற்சியால், 1922-ஆம் ஆண்டு மதராஸ் அரசு, ஏடுகளில் நம்மைக் குறிக்க வழங்கிய இழிவுப் பெயர்களை நீக்கி ‘ஆதிதிராவிடர்’ என்று எழுத ஆணையிட்டது. ஏடு என்பது விதி எழுதிய எழுத்தன்று, மனிதர் எழுதியது. மனிதர் எழுதியதை மனிதர் திருத்தலாம்.

பெயர் முதலில்

இனி நம் தெருவுக்குத் திரும்புவோம். பதக்கத்திற்கு விண்ணப்பிக்க நாம் முனைந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. இந்தியப் படைப் பதக்கத்தின் விளிம்பில் அதனைப் பெறுபவரின் எண்ணும் பெயரும் பொறிக்கப்படும். ஏட்டில் உள்ள பெயரே அங்கு ஏறும். பதக்கத்தை உடனே கேட்டால் ‘அன்’ என்று முடியும் பெயருடன் அது வரும். பெயரை முதலில் திருத்தக் கேட்டால் பதக்கம் வர மேலும் பல காலம் ஆகும், அவருக்கோ முதுமை. நம்முள் சிலர், பதக்கம் முதலில் வரட்டும் என்றனர். அவரிடமே கேட்டோம். அவர் சொன்னது இன்றும் நம் செவியில் ஒலிக்கிறது: “மெடல் பிந்தி வந்தா வரட்டும் தம்பி. பேரு என் பேரா இருக்கணும்.”

அவர் பெயரை மெய்ப்பிக்கும் ஆதாரம் எங்கே கிடைத்தது தெரியுமா? அவர் ஐந்தாம் வகுப்பு வரை பயின்ற தொடக்கப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் கிடைத்தது. ஏதோ ஓர் ஆசிரியர், அச்சிறுவனின் பெயரை முழுமையாக, ‘ஐயா’ என்று முடியும்படி எழுதியிருந்தார். அவர் யார் என்று தெரியவில்லை. ஓர் எழுத்தரின் பேனா பறித்ததை ஓர் ஆசிரியரின் பேனா காத்து வைத்திருந்தது. கல்விச் சங்கம் எதற்கு என்று வினவுவோருக்கு இதுவே நம் விடை.

பள்ளிச் சான்றின் நகலையும் நோட்டரி முன் செய்த பிரமாணப் பத்திரத்தையும் இணைத்து உரிய ஆவண அலுவலகத்திற்கு விண்ணப்பித்தோம். முதல் மடல் படை எண்ணில் ஓர் இலக்கம் தவறியதால் திரும்பி வந்தது, தவறு நம்முடையதே. இரண்டாவதற்கு விடையே இல்லை. அதற்குள் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. அச்சட்டப்படி, 1971-இல் அவர் மீண்டும் பணியில் சேர்ந்த நாளும் விடுவிக்கப்பட்ட நாளும் பற்றிய பதிவின் நகலைக் கேட்டோம். நகல் வந்தது. அவர் போர்க்காலப் பணி ஏட்டில் இருக்கவே இருந்தது. அதற்குரிய பதக்கத்தை எழுதும் நேரத்தில் அவர் ஊரில் இருந்தார், எழுதுவோர் அவரை மறந்தனர். பெயர்த் திருத்தம் ஆணையாக வெளிவந்தது. அதன்பின் பதக்கம் பதிவாயிற்று. நெடுநாள் கழித்துச் சிறு பொட்டலமாக அஞ்சலில் பதக்கமும் வந்தது. அவர் அதை மார்பில் குத்திக்கொள்ளவில்லை. பேத்தியின் கையில் கொடுத்து, விளிம்பில் உள்ள எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். அவள் ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். கடைசி அசை வரை கேட்டபின்னரே அதைப் பெட்டியில் வைத்தார்.

இளைஞர்களுக்கு

இதனைப் படிக்கும் இளைஞர்கள் தம் வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பார்க்க வேண்டுகிறோம். தாத்தாவோ பெரியப்பாவோ படையில் இருந்தவராயின், டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் தேடி எடுங்கள். படை எண், பதவி, பிரிவு, சேர்ந்த நாள், விடுபட்ட நாள் ஆகிய ஐந்தையும் தனித்தாளில் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். எண்ணை இருமுறை சரிபாருங்கள். நாம் செய்த பிழையை நீங்கள் செய்ய வேண்டாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாகவோ நேரடியாகவோ விரைவு அஞ்சலில் விண்ணப்பித்து, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். விடை வராவிடின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது; முப்பது நாட்களுக்குள் தகவல் தர வேண்டும் என்பது அதன் விதி. பணி தொடர்பான உரிமை மறுக்கப்பட்டால், 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த படைத்துறைத் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையிலேயே இருக்கிறது.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: காலம் காத்திருக்காது. ஓய்வூதியம் பெறாதோரின் பணி ஆவணங்களை இருபத்தைந்து ஆண்டுகளுக்குப்பின் அழித்துவிடலாம் என்பது படை விதி. நீள்பட்டியலில் உள்ள சில விவரங்களே அதன்பின் எஞ்சும். இருபத்தைந்து ஆண்டுகள் நமக்கு வெள்ளி விழா. ஓர் ஏழைச் சிப்பாயின் ஏட்டுக்கோ அது ஆயுள் முடிவு.

இதற்கெல்லாம் என்ன பயன், ஒரு துண்டு உலோகத்தால் வயிறு நிறையுமா என்று கேட்பார் உண்டு. நிறையாது. ஆயினும் நம் மக்கள் இந்நாட்டுக்குச் செய்த பணி எண்ணிக்கையாகவும் வெற்றிடமாகவும் கிடந்தது போதும். எழுதாமல் விடப்பட்டதை எழுதுங்கள் என்று கேட்பது இரத்தல் அன்று; செய்த பணிக்குக் கணக்குக் கேட்பதாகும். அக்கணக்கைக் கேட்க எழுத்தறிவு வேண்டும், பொறுமை வேண்டும், ஒருவருக்காகப் பலர் நிற்கும் சங்கம் வேண்டும்.

அந்தப் பேத்தி இன்று ஓர் ஆசிரியை. ஆண்டுதோறும் சூன் மாதத்தில் சேர்க்கைப் பதிவேட்டை விரிக்கும்போது, ஒவ்வொரு குழந்தையிடமும் பெயரைக் கேட்டு, எழுதி, திரும்பப் படித்துக்காட்டிய பின்னரே அடுத்த வரிக்குச் செல்கிறாள்.