முதலூரிலிருந்து தோர்ணக்கல் வரை: திருநெல்வேலித் திருச்சபையில் அழைப்புணர்வின் வளர்ச்சி

கடவுளின் அழைப்பை நம்பிப் புறப்படுவதை ஒரு தனிமனிதரின் உள்ளத்துக்குள் நடக்கும் போராட்டமாகவே நம் ஊழிய வரலாறுகள் பெரும்பாலும் எழுதி வந்திருக்கின்றன. திருநெல்வேலித் திருச்சபையின் வரலாறோ வேறொன்றைச் சொல்கிறது. அங்கே அந்த நம்பிக்கையை ஊரே சேர்ந்து சுமந்தது. ஏறக்குறைய நூறு ஆண்டுகளில் அதன் திசையும் மாறியது. தேடிவந்த துன்பத்தைத் தாங்கிக்கொள்ள வைத்த நம்பிக்கை, பிறகு துன்பம் நிறைந்த இடத்தைத் தேடிப் போக வைத்தது.

1790-இல் தஞ்சையில் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் பாளையங்கோட்டையில் ஊழியம் செய்துவந்தார். அவருக்குத் துணையாக வந்த உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் சாத்தான்குளம் பகுதியில் தம் சொந்த மக்களிடையே பேசத் தொடங்கினார். பனையை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் 1797 முதல் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றன. எதிர்ப்பும் உடனே கிளம்பியது. குடியிருந்த இடத்தில் இருக்க முடியாமல் போனவர்களுக்காக 1799-இல் தாவீது நிலம் வாங்கி ஓர் ஊரை உருவாக்கினார். அதுவே முதலூர். இங்கே கவனிக்க வேண்டியது, விசுவாசத்தில் நிலைத்திருங்கள் என்று உபதேசித்ததோடு அவர் நிற்கவில்லை என்பதுதான். நிலைத்திருக்க ஒரு தரையையும் தேடிக் கொடுத்தார். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் இதே வழியில் நடந்தார். துன்புறுத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்துவதற்காக 1830-இல் தர்ம சங்கம் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் ‘அழைக்கப்பட்டவர்’ என்றால் அடிபட்டும் பின்வாங்காதவர் என்றே பொருள் கொள்ளலாம்.

அந்த நூற்றாண்டின் இறுதிக்குள் நிலைமை வெகுவாக மாறியிருந்தது. ஊருக்கு ஊர் கோயில், பள்ளிக்கூடம், சுதேச குருமார் என்று திருச்சபை காலூன்றிவிட்டது. என் பார்வையில், எதிர்ப்புக் காலத்தைவிட இந்த நிம்மதிக் காலமே அழைப்புணர்வுக்குப் பெரிய சோதனை. துன்புறுத்தல் ஓய்ந்தபின் அழைப்பு எதற்காக என்ற கேள்விக்கு அந்தத் தலைமுறை புதிதாக விடை தேட வேண்டியிருந்தது.

அந்த விடை 1902-இல் யாழ்ப்பாணத்திலிருந்து கிடைத்தது. வெள்ளாளன்விளையில் 1874-இல் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்த வே. சா. அசரியா அப்போது ஒய்.எம்.சி.ஏ. செயலாளர். யாழ்ப்பாணம் சென்றிருந்த அவர், அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் கடல் கடந்து ஊழியரை அனுப்பி வருவதைக் கண்டார். அளவில் யாழ்ப்பாணச் சபையைவிடப் பெரிய திருநெல்வேலிச் சபை அப்படி எதையும் செய்திருக்கவில்லை என்பது அவரை உறுத்தியது. 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. ஆட்கள், பணம், நிர்வாகம் மூன்றும் இந்தியருடையதாகவே இருக்க வேண்டும் என்பது அதன் உறுதி. 1904-இல் முதல் ஊழியராகச் சாமுவேல் பாக்கியநாதன், நிஜாம் ஆட்சிப் பகுதியிலிருந்த தோர்ணக்கல்லுக்கு அனுப்பப்பட்டார்.

தோர்ணக்கல் இருந்த தெலுங்கு நாடு திருநெல்வேலியாருக்கு ஏறத்தாழ வெளிநாடுதான். மொழி வேறு, ஆட்சி வேறு, உணவு வேறு. போனவரைத் தாங்க ஊரில் இருந்தவர்கள் கொடுத்தார்கள். உலை வைக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து, அதைக் கோயிலில் காணிக்கையாகச் சேர்ப்பது இச்சபைகளில் ஊறிய வழக்கம். அழைப்பை நம்புவது என்றால் என்ன என்று கேட்டால், அந்தக் கலயத்தைத்தான் நான் முதலில் காட்டுவேன். போகாதவர்களும் நாள்தோறும் அந்த அழைப்புக்குச் செவிகொடுத்ததற்கு அதுவே சான்று.

சங்கத்தின் செயலாளராக மற்றவர்களைப் போகச் சொல்லிவந்த அசரியாவுக்கு, தாம் மட்டும் போகாமலிருப்பது பொறுக்கவில்லை. 1909-இல் ஒய்.எம்.சி.ஏ. பொறுப்பை விட்டு, குருப்பட்டம் பெற்று, மனைவி அன்பு மாரியம்மாளோடு தோர்ணக்கல் சேர்ந்தார். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு பேசிப் பழகி, மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போனார். அவரைப் பேராயராக்கும் யோசனை எழுந்தபோது சில மிஷனரிமார் மறுத்தனர். இந்தியக் கிறிஸ்தவர்களிலும் மறுத்தவர்கள் உண்டு. ஓர் இந்தியருக்குக் கீழே ஐரோப்பியர் வேலை செய்வதா என்ற கேள்வியும், சாதிப் பகையும் அதில் கலந்திருந்தன. இப்படிப்பட்ட எதிர்ப்பு முதலூர்க்காரர்கள் அறியாதது. அவர்களை எதிர்த்தவர்கள் வெளியார். அசரியாவைச் சந்தேகித்தவர்களில் சிலர் அவரோடு சேர்ந்து ஜெபித்தவர்கள். என்றாலும், 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவர் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே.

தோர்ணக்கல்லில் திருச்சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாலர், மாதிகர் என்னும் ஒடுக்கப்பட்ட சாதியினர். நிலமும் படிப்பும் மறுக்கப்பட்டிருந்த மக்கள் அவர்கள். தலைமுறை கடந்து படித்துத் தேறிய பிறகு ஊழியத்துக்கு வாருங்கள் என்று அசரியா அவர்களிடம் சொல்லவில்லை. ஞானஸ்நானம் பெற்றவர்கள் தங்கள் தலைமேல் கைவைத்து, சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்ற பவுலின் சொற்களின் பொருளில் உறுதி சொல்லும் வழக்கத்தை ஏற்படுத்தினார். கூலிவேலை முடித்து வந்த பெண்ணும் எழுத்தறியாத முதியவரும் அந்த உறுதியைச் சொன்னார்கள். பிடியரிசிக் காணிக்கை அங்கும் வேர்பிடித்தது. 1930-களில் தோர்ணக்கல் பேராயத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்கள் இருந்தனர். பக்கத்து ஊர்களுக்குச் செய்தியைக் கொண்டுபோனவர்களில் பெரும்பகுதியினர் சம்பளம் பெறாத இந்தச் சாதாரண மக்களே.