பாலி ஃபார்மரா, பிக் நிக்கா?

அவுஸ்திரேலிய உதைபந்து கண்ட மிகச் சிறந்த ரக்மன் யார் என்று பேர்த் நகரில் எழுபது வயது தாண்டிய ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். "ஃபார்மர்" என்பார். இதையெல்லாமா கேட்பது என்பதுபோல் ஒரு பார்வையும் சேர்ந்து வரும். அதே கேள்வியை மெல்பேர்னில், கார்ல்ட்டன் கழகத்தின் கருநீலச் சட்டையோடு வளர்ந்த ஒருவரிடம் கேட்டால், "பிக் நிக்" என்று ஜோன் நிக்கல்ஸின் பெயரைச் சொல்வார். யாழ்ப்பாணத்திலிருந்து நான் முதலில் வந்து இறங்கியது பேர்த்தில். பிறகு வேலை மாறி மெல்பேர்னில் குடியேறினேன். இரண்டு பக்க வாதத்தையும் அந்தந்த ஊர்க்காரர் வாயாலேயே கேட்டவன். அறுபது ஆண்டுகளாகத் தீராத இந்த வழக்கில் எனக்கும் ஒரு பக்கம் உண்டு. ஆனால் யார் பெரியவர் என்பதில் பாதி, அவர்கள் ஆடிய ஆட்டத்தை எந்த ஊர்ப் புத்தகத்தில் எழுதி வைத்தார்கள் என்பதில் இருக்கிறது. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காக: மைதானம் நீள்வட்டம், பந்தும் நீள்வட்டம், அணிக்குப் பதினெட்டுப் பேர். ஃபார்மரும் நிக்கல்ஸும் ஆடிய காலத்தில் ஒவ்வொரு கால்பகுதியின் தொடக்கத்திலும் ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடுவர் பந்தை மைதானத்தின் நடுவில் தரையில் ஓங்கி அடித்து மேலே எழவைப்பார். இரண்டு அணியிலிருந்தும் ஆளுக்கொரு நெடியவர் ஓடிவந்து எழும்பி, அதைத் தன் பக்கத்துச் சிறிய ஆட்டக்காரருக்குத் தட்டிக் கொடுக்கப் பார்ப்பார். எழும்புபவர் ரக்மன், கீழே காத்திருப்பவர் ரோவர். நான் கரப்பந்தாட்டத்தில் வலையருகே தடுப்புக்கு எழும்பியவன். உயரம் பாதி வேலையைத்தான் செய்யும், எந்த நொடியில் காலைத் தரையிலிருந்து எடுக்கிறோம் என்பதுதான் மீதி என்று முழங்கால் நோகக் கற்றவன். ஆனால் எங்களுக்கு நடுவில் வலை இருந்தது. இங்கே வலை இல்லை. ஓடிவரும் நூறு கிலோ உடம்பும் எழும்பும் இன்னொரு உடம்பும் வானத்தில் மோதிக்கொள்ளும். 1960களில் மைதானத்தின் நடுவில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கோடுகளும் கிடையாது, எங்கிருந்து வேண்டுமானாலும் ஓடி வரலாம். மாற்று ஆட்டக்காரரை உள்ளே வெளியே அனுப்பும் முறை 1978இல்தான் வந்தது. அதற்கு முன் களத்தைவிட்டு வெளியேற்றப்பட்டவர் திரும்ப வர முடியாது. களைத்த ரக்மன் முன்களத்து மூலையில் போய் நின்று மூச்சு வாங்குவார், அவ்வளவுதான் ஓய்வு.

கிரஹாம் ஃபார்மர் 1935 மார்ச்சில் ஃப்ரீமண்டிலில் பிறந்தார். நூங்கார் பழங்குடித் தாயின் பிள்ளை. பேர்த்தின் குயின்ஸ் பார்க் பகுதியில், கலப்பினப் பழங்குடிப் பிள்ளைகளுக்கென்று நடத்தப்பட்ட சிஸ்டர் கேட்ஸ் இல்லத்தில் வளர்ந்தார். சிறு வயதில் போலியோ தாக்கியதால் ஒரு கால் மற்றதைவிடச் சற்றுக் குட்டை. ஓயாமல் பேசும் பிள்ளை என்று கிளிக்கு வைக்கும் செல்லப்பெயரை இவருக்கு வைத்தார்கள். அதுதான் 'பாலி'. மேற்கு அவுஸ்திரேலியாவில் பழங்குடியினர் குடியுரிமைச் சலுகைகளைப் பெற 1944ஆம் ஆண்டுச் சட்டப்படி விண்ணப்பித்துச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்த காலம் அது. அந்தக் காலத்தில், குட்டையான ஒரு காலோடு, வானத்தில் எழும்புவதையே தொழிலாகக்கொண்ட இடத்துக்கு இவர் வந்து சேர்ந்தார். இதை நான் அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. ஒரு காலை ஊன்றி எழும்புகிற வேலையில் இது என்ன பாரம் என்று எழும்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

1953இல் கிழக்குப் பேர்த் கழகத்தில் சேர்ந்தார். 1956இல் ஜாக் ஷீடி அங்கே தலைவராகவும் பயிற்சியாளராகவும் வந்தார். அந்த ஆண்டே கோப்பை கிடைத்தது, 1958இலும் 1959இலும் மறுபடியும். மேற்கு அவுஸ்திரேலிய லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான சாண்டோவர் பதக்கத்தை ஃபார்மர் 1956இலும் 1960இலும் வென்றார். 1957இல் வாக்கு சமமாக நின்று, எண்ணும் விதியால் பதக்கம் கைநழுவியது. நாற்பது ஆண்டுகள் கழித்து அதையும் அவருக்குக் கொடுத்தார்கள்.

கைப்பந்து கொடுப்பதைப் பற்றிச் சொல்லாமல் ஃபார்மரைச் சொல்ல முடியாது. இந்த ஆட்டத்தில் பந்தைக் கையால் வீச அனுமதி இல்லை. ஒரு கையில் பந்தை ஏந்தி, மறுகை முஷ்டியால் குத்தி அனுப்ப வேண்டும். அவர் காலத்தில் பெரும்பாலானவர்களுக்கு அது ஆபத்துக் கால வழி. எதிராளி பிடித்துக்கொண்டான், உதைக்க இடமில்லை, சரி, பக்கத்தில் நிற்பவனிடம் தள்ளிவிடு. ஃபார்மர் அதைத் தாக்குதலாக்கினார். பழைய கருப்பு வெள்ளைப் படச்சுருள்களில் பாருங்கள். மற்ற ரக்மன்கள் பந்தைத் தட்டுகிற இடத்தில் இவர் அதை இரண்டு கையாலும் பிடிக்கிறார். கால் இன்னும் தரையைத் தொடவில்லை, இடுப்புக்கு மேல் உடம்பு திரும்புகிறது, முஷ்டி பந்தின் பின்முனையில் விழுகிறது. இருபது முப்பது அடி தள்ளி ஓடிக்கொண்டிருக்கும் ரோவரின் மார்புக்கு நேராகப் பந்து போகிறது. ரோவர் நிற்கவே தேவையில்லை. கார் விற்பனை முற்றத்தில் வேலை பார்த்த நாட்களில், பாதி இறக்கிய கார்க் கண்ணாடி வழியே பந்தைக் குத்திக் குத்திப் பழகினார் என்று பேர்த்தில் எல்லோரும் சொல்வார்கள். நான் அதை முழுக்க நம்புகிறேன், ஏனென்றால் அந்தக் குத்தில் வந்த குறி மைதானத்தில் மட்டும் பழகி வருவதல்ல.

1962இல், இருபத்தேழு வயதில், விக்டோரியாவின் ஜீலோங் கழகத்துக்குப் போனார். முதல் ஆட்டமே கார்ல்ட்டனோடு. அதிலேயே முழங்கால் போயிற்று, அந்தப் பருவம் பெரும்பாலும் வீண். அடுத்த ஆண்டு, 1963, பொப் டேவிஸின் பயிற்சியில் ஜீலோங் ஹாத்தோர்னை 109க்கு 60 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. பில் கோகின் என்ற ரோவருக்கும் ஃபார்மருக்கும் இடையில் பந்து போன விதத்தை ஜீலோங்காரர்கள் இன்றும் கையால் வரைந்து காட்டுவார்கள். அந்த ஆண்டு விக்டோரிய லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரௌன்லோ பதக்க வாக்கில் ஃபார்மர் பொப் ஸ்கில்ட்டனுக்கு அடுத்த இடம். 1967 இறுதியாட்டத்தில் ஒன்பது புள்ளியில் ரிச்மண்டிடம் தோற்றதோடு விக்டோரியாவை விட்டுப் பேர்த்துக்குத் திரும்பினார்.

இனி நிக்கல்ஸ். 1939இல் விக்டோரியாவின் மேரிபரோவில் பிறந்தவர். 1957இல் கார்ல்ட்டனில் தொடங்கி 1974 வரை அந்த ஒரே கழகத்துக்காக 328 ஆட்டங்கள். உயரம் 189 சென்றிமீற்றர், ஃபார்மரைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் தொடைகள் மரத்தூண்கள். வேகத்தாலும் எழும்பலாலும் வெல்லும் ஆளல்ல, நிற்கும் இடத்தால் வெல்லும் ஆள். எதிராளி எந்தக் கோட்டில் ஓடிவருவான் என்று கணித்து, அவன் கால் தரையைவிட்டு எழும்பும் முன்பே இடுப்பை நடுவில் கொடுத்துவிடுவார். ஃபார்மரின் ஆயுதம் முந்தி எழும்புவது. எதிராளிக்கு அரை நொடி முன்னால் மேலே போய், அவன் தோளிலோ மார்பிலோ முழங்காலை ஊன்றிக்கொண்டு, அந்தரத்தில் தங்குவார். அந்த அரை நொடியைக் கொடுக்காமல் இருப்பதுதான் நிக்கல்ஸ் கண்ட மருந்து. ஓட்டம் இல்லாமல் எழும்பல் இல்லை. விக்டோரியாவில் வேறெவரும் இதை இவ்வளவு சுத்தமாகச் செய்யவில்லை.

கார்ல்ட்டன்காரர்களின் மிகப் பலமான சான்று கோப்பைகள் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. நிக்கல்ஸின் மூன்று கோப்பைகளும், 1968, 1970, 1972, ஃபார்மர் விக்டோரியாவை விட்டுப் போன பிறகு வந்தவை. அவருடைய பலமான சான்று வேறு. கழகத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதை அவர் ஐந்து முறை வென்றார்: 1959, 1963, 1965, 1966, 1967. அந்த ஐந்தில் நான்கு, ஃபார்மர் அதே லீக்கில் ஆடிய ஆண்டுகள். அப்போது கார்ல்ட்டன் பெரிய அணியும் அல்ல. 1964இல் பத்தாம் இடத்துக்கு விழுந்து, அடுத்த ஆண்டு ரொன் பராசியைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்துதான் நிமிர்ந்தார்கள். ஃபார்மர் வந்ததும் மற்ற ரக்மன்களுக்கு வேலை கடினமாயிற்று. நிக்கல்ஸுக்கு மட்டும் ஆட்டம் உயர்ந்தது.

1972ஐயும் சொல்லத்தான் வேண்டும். அந்த ஆண்டு நிக்கல்ஸே தலைவரும் பயிற்சியாளரும். அரையிறுதி மறுஆட்டத்தில் ரிச்மண்ட் கார்ல்ட்டனைப் புரட்டிப் போட்டிருந்தது. மீண்டும் இறுதியாட்டத்தில் மோதியபோது, ரிச்மண்டை அடக்கப் பார்ப்பதைவிட அவர்களைவிட அதிகமாக அடிப்பது என்று தீர்மானித்தார். முப்பத்து மூன்று வயதில் முன்களத்து மூலையில் போய் நின்றுகொண்டு தானே ஆறு கோல்கள் அடித்தார். கார்ல்ட்டன் 177, ரிச்மண்ட் 150. இறுதியாட்டம் ஒன்றில் எந்த அணியும் இதுவரை 177ஐத் தாண்டியதில்லை, 150 எடுத்துத் தோற்ற அணியும் வேறில்லை. ஃபார்மர் பக்கம் நிற்கிற நான் இந்த ஆட்டத்துக்கு முன்னால் தலைவணங்குகிறேன். எழும்பும் வலு குறைந்த வயதில் களம் முழுவதையும் தலைக்குள் வைத்து ஆடிய ஆட்டம் அது.

இப்போது புத்தகங்களுக்கு வருகிறேன். 1897இல் எட்டு விக்டோரியக் கழகங்கள் தொடங்கிய லீக், 1987இல் பேர்த்தையும் பிரிஸ்பேனையும் சேர்த்துக்கொண்டு, 1990இல் நாட்டின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டது. பெயர் நாடு முழுவதற்கும் விரிந்தது. கணக்கு மட்டும் பழைய விக்டோரியக் கணக்காகவே தொடர்ந்தது. அந்தப் புத்தகத்தைத் திறந்தால் நிக்கல்ஸுக்கு 328 ஆட்டம், மூன்று கோப்பை. ஃபார்மருக்கு 101 ஆட்டம், ஒரு கோப்பை. கிழக்குப் பேர்த்தில் ஆடிய 176 ஆட்டங்களும், திரும்பிப் போய் மேற்குப் பேர்த்தில் ஆடிய 79 ஆட்டங்களும் அங்கே இல்லை. மேற்குப் பேர்த்தின் தலைவர், பயிற்சியாளர் என்று இரண்டு பொறுப்பையும் சுமந்து 1969இலும் 1971இலும் தன் பழைய கழகத்தையே இறுதியாட்டத்தில் வீழ்த்தியதும் இல்லை. கழக ஆட்டம் மொத்தம் 356, கோப்பை ஆறு. மெல்பேர்னில் ஒரு விருந்தில் ஒருவர் என்னிடம், "101 ஆட்டம் ஆடினவரை 328 ஆடினவரோடு எப்படித் தம்பி ஒப்பிடுவது?" என்று கேட்டார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கையில் இருந்தது ஒரு புத்தகம்தான்.

பேர்த்தில் ஆடிய ஆட்டம் தரத்தில் குறைந்தது என்பது விக்டோரியர்களின் வழக்கமான பதில். இதற்கும் ஃபார்மரே விடை தந்தார். 1977 வரை மாநிலங்களுக்கிடையிலான ஆட்டங்களில் எந்த லீக்கில் ஆடுகிறாரோ அந்த மாநிலத்துக்குத்தான் ஒருவர் ஆட முடியும். பேர்த்தில் பிறந்து வளர்ந்த சிறந்தவர்களை மெல்பேர்ன் காசு கொடுத்து அழைத்துக்கொண்டு, அவர்களையே பேர்த்துக்கு எதிராக நிறுத்தும். 1977 ஒக்டோபரில் முதன்முறையாக, பிறந்த மண்ணுக்கு ஆடும் முறையில், மேற்கு அவுஸ்திரேலியாவும் விக்டோரியாவும் சுபியாக்கோ மைதானத்தில் மோதின. மேற்கின் பயிற்சியாளர் ஃபார்மர். 151க்கு 57. தொண்ணூற்று நான்கு புள்ளி வித்தியாசம். அதே ஆண்டில் சில மாதங்கள் முன்பு, பழைய முறைப்படி நடந்த ஆட்டத்தில் விக்டோரியாதான் வென்றிருந்தது. மண்ணும் அதே, ஆண்டும் அதே. ஆளை எந்தப் பக்கம் எண்ணுவது என்பது மட்டும் மாறியது.

விக்டோரியர்களிலும் நியாயம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். 1996இல் லீக்கின் நூற்றாண்டு அணியைத் தேர்ந்தபோது முதல் ரக்மன் இடத்தை 101 ஆட்டக்காரரான ஃபார்மருக்கே கொடுத்தார்கள். நிக்கல்ஸை விட்டுவிட மனமில்லாமல் பின்களத்து மூலையில் அவருக்கு இடம் செய்தார்கள். அவர் பின்களத்து ஆட்டக்காரர் அல்ல. இரண்டு பேரும் ஒரே அணியில் இருந்தே ஆக வேண்டும் என்று தேர்வாளர்களுக்கே தோன்றியிருக்கிறது. அதே ஆண்டு இருவரும் அவுஸ்திரேலிய உதைபந்துப் புகழ் மண்டபத்தின் முதல் 'லெஜண்ட்' வரிசையிலும் சேர்ந்தார்கள்.

வானத்தில் மோதிய அந்த மோதல்களுக்கு விலையும் இருந்தது. ஃபார்மர் கடைசி ஆண்டுகளில் மறதி நோயால் அவதிப்பட்டு 2019 ஆகஸ்டில் இறந்தார். அவர் மூளையை ஆய்வுக்குக் கொடுத்தார்கள். திரும்பத் திரும்பத் தலையில் அடிபடுவதால் வரும் மூளைச் சிதைவு நோய் அதில் இருந்ததாக 2020இல் அறிவித்தார்கள். இந்த லீக்கில் ஆடியவர்களில் அந்த நோய் உறுதிசெய்யப்பட்ட முதல் ஆள் அவர். பேர்த்தில் இருந்தபோது அவர் பெயர் சூட்டப்பட்ட நெடுஞ்சாலையின் சுரங்கப்பாதை வழியாகத்தான் நான் வேலைக்குப் போய் வந்தேன். அவர் இறந்த செய்தி வந்த நாளில் மெல்பேர்னில் கார்ல்ட்டன்காரர் ஒருவர்தான் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டுத் துக்கம் விசாரித்தார். நாங்கள் இருவரும் யார் பெரியவர் என்று பேசவில்லை.

என் தீர்ப்பு ஃபார்மர். நிக்கல்ஸ் இருந்த வேலையை மற்றவர்களைவிடச் சிறப்பாகச் செய்தார். ஃபார்மர் அந்த வேலையையே வேறாக்கினார். 1970 இறுதியாட்ட இடைவேளையில் கொலிங்வூட்டுக்கு 44 புள்ளி பின்தங்கிய கார்ல்ட்டனிடம், பந்தைக் கையால் குத்திக் கொடுத்து ஓடுங்கள் என்று பராசி சொன்னதும், அவர்கள் அப்படியே ஆடி வென்றதும் இந்த ஆட்டத்தின் திருப்புமுனை என்று கார்ல்ட்டன்காரர்களே பெருமையாகச் சொல்வார்கள். களத்தில் அந்த அணியின் தலைவர் நிக்கல்ஸ். ஆனால் பேர்த்துக்காரர் ஒருவர் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்துவந்த ஆட்டம் அது.

"ஜீலோங்கில் அவர் வென்றது ஒன்றுதானே?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். 1956, 1958, 1959, 1969, 1971 என்று பேர்த்தின் ஐந்து ஆண்டுகளையும் மேசையில் வைப்பேன். அவற்றை எண்ண மாட்டேன் என்பவரோடு எனக்குப் பேச்சில்லை. எண்ணுகிறேன் என்பவரோடு மாலை முழுக்கப் பேசலாம். அப்படிப் பேச உட்கார்ந்தால் 1965 முதல் 1967 வரையான மூன்று பருவங்களை நானே எடுத்து நிக்கல்ஸ் பக்கம் வைப்பேன்.