பால் நியூமன் டேடோனா

ரோலெக்ஸ் நிறுவனம் கார் பந்தய ஓட்டிகளுக்காக 1963-இல் வெளியிட்ட காஸ்மோகிராஃப் டேடோனா கைக்கடிகாரத்தின் அரிய முகப்பு வகை. அமெரிக்க நடிகரும் பந்தய ஓட்டியுமான பால் நியூமன் இதை அணிந்ததால், சேகரிப்பாளர்கள் பின்னாளில் அவர் பெயரையே இதற்குச் சூட்டினர்.

வழக்கத்துக்கு மாறான முகப்பு பலருக்கும் பிடிக்காததால், அந்நாளில் இதை வாங்க அதிகம் ஆளில்லை. கடைகளில் தேங்கிக் கிடந்தது. இன்றைய அருமைக்கு அந்தப் புறக்கணிப்பே காரணம்.

அடையாளம் முகப்பில்தான் இருக்கிறது. உள்ளே உள்ள மூன்று சிறு வட்டங்களிலும் கோடுகளின் நுனியில் குட்டிச் சதுரங்கள் நிற்கும். நொடி வட்டத்தில், சாதாரண டேடோனாவின் 20, 40, 60-க்குப் பதிலாக 15, 30, 45, 60 என்ற எண்கள். வெளி விளிம்பின் நொடிக்கோட்டு வளையம் சிறு வட்டங்களின் நிறத்திலேயே அமையும். மதிப்பு முழுவதும் இந்த மெல்லிய தகட்டில் அடங்கியிருப்பதால் போலி முகப்புகளும் பெருகின. உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் வாங்கத் துணிவது பேராபத்து. பழசைப் பளபளப்பாக்குவதும் தவறு. மெருகேற்றினால் உறையின் கூர்விளிம்புகள் மழுங்கி விலை சரியும்.

நியூமனின் சொந்தக் கடிகாரம் அவர் மனைவி ஜோன் வுட்வர்ட் அளித்த பரிசு. பின்மூடியில், கவனமாக ஓட்டும்படி கணவருக்கு அவர் பொறித்த வேண்டுகோள் உள்ளது. 2017 அக்டோபரில் நியூயார்க்கில் ஃபிலிப்ஸ் நடத்திய ஏலத்தில் அது 1.77 கோடி டாலருக்கு மேல் விலைபோனது.