சுதேசி நாவாய்ச் சங்கம்

சுதேசி நாவாய்ச் சங்கம் அல்லது சுதேசிக் கப்பல் கம்பெனி என்பது தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விடுவதற்காக 1906 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இந்திய நிறுவனம் ஆகும். வழக்கறிஞர் வ. உ. சிதம்பரம்பிள்ளை (1872–1936) இதனைத் தோற்றுவிப்பதில் முதன்மைப் பங்கு வகித்தார். இச்சங்கம் சில ஆண்டுகளே இயங்கியது. எனினும் 1908 இன் திருநெல்வேலி எழுச்சிக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. அரசின் துணையின்றி அயல்நாட்டுக் கப்பல் நிறுவனங்களுடன் போட்டியிட இயலாது என்பதை இதன் வீழ்ச்சி உணர்த்தியது. விடுதலை பெற்ற இந்தியாவின் கப்பல் கொள்கையில் இச்சிக்கலுக்குத் தீர்வு காண முயற்சி மேற்கொள்ளப்பட்டது.

பின்னணி

தூத்துக்குடியை உள்ளடக்கிய கடற்கரை முத்துக்குளித்துறை எனப்படுகிறது. 16 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசரும், 1658 முதல் ஒல்லாந்தரும் இங்கு ஆதிக்கம் செலுத்தினர். 1825 இல் தூத்துக்குடி ஆங்கிலேயர் வசம் நிலையாக வந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் முத்துக்குளிப்பு அரசின் உரிமையாக இருந்தது. எடுக்கப்பட்ட சிப்பிகளில் மூன்றில் இரு பங்கு அரசுக்கும், ஒரு பங்கு குளித்தவர்களுக்கும் சென்றன.

முத்தை விடப் பருத்தி வாணிகமும் இலங்கைப் போக்குவரத்தும் பிற்காலத்தில் முதன்மை பெற்றன. தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்களும் இத்துறைமுகம் வழியாகப் பயணம் செய்தனர். கொழும்புப் போக்குவரத்தில் பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் நிறுவனம் ஆதிக்கம் செலுத்தியது. 1905 இல் வங்காளம் பிரிக்கப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த சுதேசி இயக்கம், அந்த ஆதிக்கத்தை எதிர்க்கும் எண்ணத்தை இங்கு வலுப்படுத்தியது.

தோற்றம்

சங்கம் 1906 அக்டோபர் 16 இல் பதிவு செய்யப்பட்டது. இதன் மூலதனம் 10 இலட்சம் ரூபாய். இது 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. ஆசிய நாட்டினர் மட்டுமே பங்குதாரர் ஆகலாம் என்பது விதியாகும். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவராகவும், சிதம்பரம்பிள்ளை துணைச் செயலாளராகவும் இருந்தனர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை வாங்கினார்.

தொடக்கத்தில் பம்பாய் நிறுவனம் ஒன்றிடம் கப்பல்கள் வாடகைக்குப் பெறப்பட்டன. நெருக்குதல் காரணமாக அந்நிறுவனம் விலகிக்கொண்டதால், சொந்தக் கப்பல் வாங்கும் தேவை ஏற்பட்டது. 1907 இல் காலியா, லாவோ ஆகிய இரு கப்பல்கள் வாங்கப்பட்டன.

போட்டி

பிரித்தானிய நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கப்பலும் குறைத்தது. இறுதியில் பிரித்தானிய நிறுவனம் பயணிகளை இலவசமாக ஏற்றிக் குடையும் வழங்கியதாகக் கூறப்படுகிறது. பெரும் மூலதனம் கொண்ட நிறுவனத்தால் இழப்பைத் தாங்க முடிந்தது. மக்களின் பங்குத் தொகையை நம்பியிருந்த சங்கத்தால் அது இயலவில்லை. அதிகாரிகளின் ஆதரவும் எதிர்த்தரப்புக்கே கிடைத்தது.

1908 எழுச்சி

1908 பெப்ரவரி 27 இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் ஊதிய உயர்வும் வார விடுமுறையும் கோரி வேலைநிறுத்தம் செய்தனர். சிதம்பரம்பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அதனை வழிநடத்தினர். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இணங்கியது.

விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாட மேற்கொண்ட ஏற்பாடுகளை ஒட்டி, மார்ச் 12 இல் இவ்விருவரும் பத்மநாப ஐயங்காரும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் நகராட்சி அலுவலகம், அஞ்சல் நிலையம் முதலியன தாக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். தூத்துக்குடியில் கடையடைப்பும் வேலைநிறுத்தமும் நடைபெற்றன.

1908 சூலை 7 இல் நீதிபதி பின்ஹே, சிதம்பரம்பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை (40 ஆண்டுகள்) விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டு, 1912 டிசம்பரில் அவர் விடுதலை பெற்றார். அவர் சிறையில் இருந்தபோதே, 1911 இல், சங்கம் கலைக்கப்பட்டது. காலியா கப்பல் போட்டி நிறுவனத்துக்கே விற்கப்பட்டது. அதே ஆண்டு சூன் 17 இல், 1908 இல் தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்த ஆஷ், மணியாச்சி தொடருந்து நிலையத்தில் வாஞ்சிநாதனால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

விடுதலையும் கப்பல் கொள்கையும்

1919 இல் பம்பாயில் தொடங்கப்பட்ட சிந்தியா நிறுவனமும் இத்தகைய கட்டணப் போட்டியை எதிர்கொண்டது. கரையோர வாணிகத்தை இந்தியக் கப்பல்களுக்கு ஒதுக்கும்படி 1928 இல் நடுவண் சட்டமன்றத்தில் எஸ். என். ஹாஜி கொணர்ந்த முன்வரைவு சட்டமாகவில்லை.

1947 இல் சி. பி. இராமசாமி ஐயர் தலைமையிலான குழு, கரையோர வாணிகம் முழுமையும், பர்மா, இலங்கை முதலிய அண்டை நாடுகளுடனான வாணிகத்தில் 75 விழுக்காடும் இந்தியக் கப்பல்களுக்கு உரியதாக வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1906 இல் பங்குதாரர்கள் தம் பணத்தைக் கொண்டு பெற முயன்ற இடத்தை, இப்பரிந்துரை அரசுக் கொள்கையாக்க முனைந்தது.

1949 இல் தூத்துக்குடி–கொழும்பு வழித்தடத்தில் சிதம்பரனார் பெயர் தாங்கிய கப்பலை ஆளுநர் நாயகம் இராஜகோபாலாச்சாரி தொடங்கி வைத்தார். 1936 நவம்பர் 18 இல் தூத்துக்குடியில் காலமான சிதம்பரனார் அதனைக் காணவில்லை.

நினைவு

1974 இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1986 இல் திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்ட மாவட்டம் முதலில் சிதம்பரனார் மாவட்டம் எனப் பெயர் பெற்றிருந்தது. 2011 இல் துறைமுகத்துக்கு வ. உ. சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது.