சேமிப்புப் புத்தகமா, பயணப் பெட்டியா?

ஊரிலே பிழைப்பில்லாதவிடத்து இளைஞர் வெளியேறுதல் எந்நாட்டிலும் நிகழ்வதே. அதனைத் தடுக்க முனைந்த சிறு நகரொன்றின் வரலாற்றை இன்று நோக்குவோம்.

வட ஸ்பெயினில், பாஸ்க் மக்கள் வாழும் மலைப் பள்ளத்தாக்கொன்றில் உள்ளது மொண்ட்ராகோன். இரும்புத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போரின் பின் அங்கு வறுமை மிகுந்தது. 1941இல் அவ்வூருக்கு வந்த இளம் பாதிரியார் ஹொசே மரியா அரிஸ்மெந்தியரியேத்தா முதலில் நிறுவியது ஆலையன்று, பள்ளிக்கூடம். ஊரார் உதவியுடன் 1943இல் 20 மாணவரோடு அத்தொழிற்கல்விக்கூடம் தொடங்கிற்று.

அங்கு பயின்ற ஐவர், ஊரிலிருந்த பெரிய இரும்பாலையில் பணியாற்றினர். தொழிலாளருக்கும் உடைமையிற் பங்கு வேண்டுமெனக் கேட்டனர், கிடைக்கவில்லை. ஆதலின் விலகி, ஊராரிடம் கடன் திரட்டி, 1956இல் எண்ணெய் அடுப்புச் செய்யும் ஆலையைத் தாமே தொடங்கினர். அங்கு உழைப்போரே உடைமையாளர்; ஒருவருக்கு ஒரே வாக்கு.

தொழில் பெருக முதல் வேண்டுமன்றோ? 1959இல் கூட்டுறவுச் சேமிப்பு வங்கி பிறந்தது. “சேமிப்புப் புத்தகமா, பயணப் பெட்டியா?” என்பது அதன் பிரசார வாசகம். ஊர்ப்பணம் ஊரிலே தங்காவிடின் பிள்ளைகளும் தங்கார் என்பதே அதன் கருத்து. அச்சேமிப்பிலிருந்து புதிய கூட்டுறவு ஆலைகள் பல எழுந்தன.

2013இல், முதல் ஆலையின் வழிவந்த வீட்டுச் சாதனத் தொழிற்சாலை வங்குரோத்தாயிற்று. ஆயினும் அதன் உறுப்பினர் பலருக்கு ஏனைய கூட்டுறவு ஆலைகள் வேலை கொடுத்தன. ஆலையொன்று மூடப்படலாம், கல்வியும் சேமிப்பும் ஒற்றுமையும் ஊரில் வேரூன்றியிருப்பின், இளைஞர் பெட்டி கட்ட வேண்டியதில்லை.