சார், முள் ஆடுதா?

மார்கழி விடியற்காலையில், ஒரு பழைய புல்லட்டை உதைத்து உதைத்து, மூச்சு வாங்க நிற்கிற மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? நம்ம ஊர் இளங்குளிருக்கே இந்தப் பாடு! 1950-களில் இதே வண்டியை எல்லை ரோந்துக்காக வாங்கியது இந்திய ராணுவம். மலைக்குளிரில் வண்டி மக்கர் பண்ணினால், சிப்பாயின் கதி?

ஆரம்பகால மோட்டார் சைக்கிள்கள் பலவற்றுக்கு பாட்டரி கவலையே கிடையாது. ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1902-ல் கொண்டுவந்த உயர் அழுத்த மாக்னெட்டோ, இன்ஜின் சுழலும்போதே தீப்பொறிக்கான மின்சாரத்தைத் தயாரித்துவிடும். பிறகு வந்தது காயில் இக்னிஷன். விலை மலிவு; மெதுவாக உதைத்தாலும் பொறி பளிச்! ஆனால், பாட்டரி தெம்பாக இருக்க வேண்டும்.

அங்கேதான் சிக்கல். 1859-ல் ஃபிரெஞ்சுக்காரர் பிளான்டே உருவாக்கிய ஈய-அமில பாட்டரிக்குள் நடப்பது ரசாயன வேலை. குளிர் வந்தால் ரசாயனத்துக்கும் சோம்பல் வந்துவிடும்! மைனஸ் 18 டிகிரியில் அதன் சக்தி ஏறக்குறைய பாதிதான். போதாததற்கு ஆயில் கெட்டியாகி பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் ஆவியாக மறுக்கும். இன்னொரு விஷயம்... முழு சார்ஜில் உள்ள பாட்டரி மைனஸ் 50-லும் உறையாது. சார்ஜ் இறங்கியதோ, மைனஸ் 10-ஐ நெருங்கும்போதே உறைந்து விரிசல் விட்டுவிடலாம்!

புல்லட் பிறந்ததும் குளிர் தேசத்தில்தான் - இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரில். அதனால் வைத்தியமும் வண்டியிலேயே இருந்தது. ஹெட்லைட்டுக்கு மேலே ஒரு குட்டி அம்மீட்டர். கைப்பிடியில் ஒரு டீகம்ப்ரஷன் லீவர்.

முதலில் சாவி போடாமல், லீவரை அழுத்தியபடி நாலைந்து தடவை நிதானமாக உதைக்க வேண்டும். ஆயில் இளகும். பிறகு சோக், சாவி. கிக்கரை மெள்ள அழுத்தும்போது அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்தால், மின்சாரம் ஓடுகிறது என்று அர்த்தம். எங்கே நிறுத்தினாலும் முள் அசையவே இல்லையா? காலை வீணாக்காதீர்கள்! பாட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா, ஒயர் கழன்றிருக்கிறதா, ஃப்யூஸ் போய்விட்டதா என்று பாருங்கள். அசைந்த முள் நடுவுக்குத் திரும்பினால், பிஸ்டன் உச்சியை நெருங்கிவிட்டது. லீவரை அழுத்தி, கிக்கரை இன்னும் ஒரு துளி இறக்கி, லீவரை விட்டுவிட்டு, கிக்கர் மேலே வந்ததும்... ஒரே உதை! டப்... டப்... டப்!

1955-ல் ரெட்டிட்ச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. 1967-ல் ரெட்டிட்ச் தொழிற்சாலை மூடப்பட்டது. சென்னையில் மட்டும் புல்லட் தொடர்ந்து பிறந்துகொண்டே இருந்தது - கூடவே, அந்த முள்ளும் பல வருடங்களுக்கு!

இன்று பட்டனைத் தொட்டாலே வண்டி கிளம்புகிறது. ஆனாலும், அடுத்த முறை அந்த மூச்சு வாங்கும் மனிதரைப் பார்த்தால், பக்கத்தில் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சார், முள் ஆடுதா?"